பதினோராம் எண் கூண்டு

அன்புள்ள தம்பிக்கு,

துறைமுக அலுவலராகப் பொறுப்பேற்றுவிட்டாய் என்று உன் அப்பா சொன்னார். சட்டத்தைக் கரைத்துக் குடித்திருப்பாய். எங்கே நங்கூரம் போட வேண்டும், எப்போது இடம் மாற வேண்டும் என்று கேப்டனுக்கே நாம் கட்டளையிடலாம். வழியை மறித்து மூழ்கிக் கிடக்கும் கப்பலைத் தூக்கி விற்றுச் செலவை எடுத்துக்கொள்ளலாம். 1908ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டம் தந்த அதிகாரம். 2025இல் புதுச் சட்டம் வந்த பிறகும் கன்சர்வேட்டராகிய நம் கை தாழவில்லை. அதெல்லாம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது புயல் கூண்டைப் பற்றி.

ஒன்று முதல் பத்து வரை வானிலை மையம் சொல்லும், நீ ஏற்றுவாய். பதினொன்று அப்படியல்ல. மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகும் என்று உள்ளூர் அலுவலரே கருதுகிறார் என்பது அதன் பொருள். உன் கண்ணையும் காதையும் நம்பி விட்டுவைத்த எண் அது ஒன்றுதான்.

ஒரு சிறு துறைமுகத்தில் இருந்தேன். சாயங்காலமே போன் செத்துவிட்டது. மணி அடிக்கும் என்று மேசையருகே உட்கார்ந்திருந்தேன். தோணியோட்டும் தண்டல் ஒருவர் வாசலில் வந்து நின்று, “நீவாடு மாறிக் கெடக்கு சார், இன்னும் வெளக்கு ஏத்தலையா?” என்று கடல் நீரோட்டத்தின் மாற்றத்தைக் காட்டிக் கேட்டார். இரவானதால் கூண்டுக்குப் பதில் பதினொன்றுக்கான விளக்கை ஏற்றினேன், இரண்டு மணி நேரம் தாமதமாக. அதற்குள் ஒரு தோணி கிளம்பிவிட்டிருந்தது. மறுநாள் பாய்மரம் முறிந்து திரும்பியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; என் புண்ணியம் அல்ல அது.

தகவல் வரவில்லை என்று எழுதித் தப்பியிருக்கலாம்தான். ஆனால் லிவர்பூல் வழக்கைப் படித்திருப்பாயே. கப்பல்துறை வாசலில் மேடிட்ட சேற்றில் ஒரு சரக்குக் கப்பல் மோதியது. நாங்கள் லாபத்துக்கு நடத்தவில்லை, பொதுக்காரியம் பார்ப்பவர்கள் என்றார்கள் துறையின் அறங்காவலர்கள். 1866இல் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. சேறு இருப்பது தெரிந்தும் வாசலைத் திறந்து வைத்தால் மட்டுமல்ல, அசட்டையால் தெரியாமல் போனாலும் பொறுப்பு உண்டு என்றது. அன்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்திருக்கலாம்.

ஐப்பசிக்கு முன் கொடிக்கம்பத்துக் கப்பியைக் கழற்றிப் பார். அன்றைக்கு அது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. விளக்கை மேலே இழுக்க மூன்று பேர் தேவைப்பட்டோம். கயிற்றையும் மாற்றிவிடு, டெண்டருக்குக் காத்திருக்காதே.

அன்புடன்,
பழைய துறைமுக அலுவலன்