அம்மாவுக்குக் கீமோ: யார் எதைப் பார்ப்பது?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் உருவானதற்குப் பின்னால், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஓர் அக்கா இருந்தார்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

இன்று அங்கே அம்மாவைக் கீமோவுக்குக் கூட்டிப்போவதென்றால், காட்டுப்பாக்கம் போன்ற புறநகரிலிருந்து போய்வரவே பாதி நாள் ஓடிவிடும். பிள்ளைகளில் கூடப்போவது ஒருவர், பணமும் காப்பீட்டுத் தாள்களும் இன்னொருவர் என்று முதல் வாரமே பிரித்துக்கொள்வது நல்லது. வெளியூர்ப் பிள்ளை போனில் 'எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்டால் உள்ளூர்ப் பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். மாதம் நாலு நாள் வந்து தங்கட்டும்.

ஒற்றைப் பிள்ளைக்கு இப்படிப் பிரித்துக்கொள்ளும் வசதி இல்லை. சித்தி மகன், எதிர்வீட்டு அக்கா என இரண்டு பேரிடமாவது வாய்விட்டுக் கேட்டுவைக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டில் மருந்து, அடுத்த தேதி, காய்ச்சல் அளவு எல்லாம் இருக்கட்டும். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு.

கவனித்துக்கொள்பவருக்கே தூக்கம் போய்விட்டதா? டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.