இறக்கை கோணாமல் பொருத்த…

செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று, தாமிரபரணிக் கரையில் ரிமோட் விமானம் விடுபவர்களைப் பாடாய்ப் படுத்தும். அதோடு இறக்கையும் கோணியிருந்தால் விமானம் ஒரே பக்கமாக இழுக்கும்.

சரிபார்க்கத் தையல் நூல் போதும். வால்பக்கம் உடலின் நடுக்கோட்டில் குண்டூசி குத்தி, நூலைக் கட்டி, இடது இறக்கை நுனிவரை இழுத்துப் பேனாவால் குறியிட வேண்டும். வலது நுனியிலும் அதே குறி வந்து நிற்க வேண்டும். விலகினால், இறக்கையை இம்மி இம்மியாகத் திருப்பி மறுபடி அளக்கலாம். இதில் அவசரமே கூடாது.

இறக்கையை உடலோடு கட்டும் ரப்பர் பேண்டுகளில் கடைசி இரண்டைப் பெருக்கல் குறிபோல் மாட்டினால் மற்றவை நழுவாது.

பிறகு, விமானத்தின் சமநிலையை அறிய, இறக்கையின் அடியில், முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்கு தள்ளி, இருபுறமும் விரல்நுனியால் தூக்கிப் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்த வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு, காற்று எழாத விடியற்காலையும் அறுவடை முடிந்த வயலும் நல்லது.