வளவில் எந்த மரத்தை வைப்பது?

1990இல் விட்டுச் சென்ற வளவுக்குத் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது பற்றைதான். வேலி இல்லை, எல்லை தெரியவில்லை, கிணறு தூர்ந்து கிடக்கிறது. அளவெட்டி உள்ளிட்ட வலிகாமம் வடக்கில் பல குடும்பங்கள் இந்த நிலையிலிருந்தே தொடங்குகின்றன. விறகும் குழையும் விரைவில் தேவை. கதவு நிலைக்கு மரம் பின்னர் தேவைப்படும். இரண்டையும் உங்கள் காணியிலேயே வளர்க்கலாம்.

நடுவதற்கு முன்

1. கண்ணிவெடி அகற்றிக் கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் தோண்டுங்கள். பற்றைக்குத் தீ வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அல்லது பொலிஸுக்கு அறிவியுங்கள்.

2. எல்லையை அயலவரையும் வைத்துக்கொண்டு உறுதிப்படுத்துங்கள். தவறான இடத்தில் வைத்த கதியால் பத்து வருடத்தில் வழக்காக வளரும்.

3. எல்லாவற்றையும் வழித்துத் தள்ள வேண்டாம். தானாக முளைத்த வேம்புகளில் நேரானவற்றை விட்டு, பக்கக் கிளைகளை மட்டும் கழியுங்கள். அவை ஏற்கெனவே வேர் பிடித்த மரங்கள்.

வேலிக்கு: சீமைக்கிளுவை, பூவரசு

இரண்டு பரப்பு வளவு ஏறக்குறைய 500 சதுர மீற்றர். அது சதுரமாக இருந்தால் சுற்றுவேலி 90 மீற்றர் வரும். மீற்றருக்கு ஒன்றாக 90 கதியால்கள் வைக்கலாம். பயிர் நிலம் குறையாது.

கை மொத்தமான, முற்றிய தடிகளை ஐந்தடி நீளத்துக்கு வெட்டுங்கள். பட்டை கிழியக்கூடாது. மாரி தொடங்கும் ஐப்பசியில் ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு, மண்ணை இறுக்குங்கள். முதல் வருடம் வெட்டாமல் வேர் பிடிக்க விடுங்கள். பிறகு வெட்ட வெட்டத் தழைக்கும். சீமைக்கிளுவைக் குழையில் தழைச்சத்து அதிகம். செம்மண் தோட்டத்துக்கு நல்ல பசளை. ஆடு முதலில் தின்ன மறுத்தால் வாட வைத்துக் கொடுங்கள்.

மரத்துக்கு: வேம்பு

பலகைக்கு வேம்பு 20 வருடமளவில் காத்திருக்க வைக்கும். ஆனால் வரட்சியைத் தாங்கும். பெரிய மரங்களைக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் அண்மையில் வைக்க வேண்டாம். வேர் கட்டை வெடிக்கச் செய்யும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். மற்ற மரங்களைத் தறித்து ஏற்றிச் செல்வதற்கும் முன்னர் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

காபன் கணக்கு

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி காபன். 100 கிலோ மரம், காற்றிலிருந்து 180 கிலோவளவு காபனீரொட்சைட்டை எடுத்து வைத்திருக்கிறது. எரித்தால் அது காற்றுக்குத் திரும்பும். வெட்டிய அடி மீண்டும் துளிர்த்து அதை எடுத்துக்கொள்ளும். கதவு நிலையாகச் செய்தால் அந்த வீடு நிற்கும்வரை உள்ளேயே இருக்கும்.

“காபனுக்குப் பணம் தருகிறோம்” என்று யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். அளந்து சான்றுபடுத்தும் செலவு, சில பரப்புக் காணியின் வருமானத்தை விழுங்கிவிடும். காணி உறுதியைக் கொடுக்காதீர்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

குடும்பமாகச் செய்து பாருங்கள்

ஒரு தாளில் உங்கள் வளவை வரையுங்கள். கிணறு, வீடு, தோட்டம், படலை ஆகியவற்றைக் குறியுங்கள். மிஞ்சிய வேலியை அடியால் அளந்து, எத்தனை கதியால் தேவையென எண்ணுங்கள். பழைய மரங்கள் நின்ற இடங்களை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த மரம் எங்கே நன்றாக வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.