சாணக் கரைசலின் ஓட்டத்தை அளந்து பாருங்கள்

சாண எரிவாயுக் கலனுக்குத் தினமும் தவறாமல் சாணம் இட்டும், சில வீடுகளில் அடுப்பு சரிவர எரிவதில்லை. உள்குழாயும் அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. கலன் பழுது என்று முடிவு கட்டுமுன் கரைசலின் பதத்தைச் சோதித்துப் பாருங்கள். பல சமயங்களில் குறை அங்குதான் இருக்கும்.

நார் செய்யும் வேலை

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. மாடுகள் வைக்கோலையும் கரும்புத் தோகையையும் தின்கின்றன. இவற்றிலுள்ள செல்லுலோஸ் நாரில் செரிக்காத பகுதி சாணத்துடன் வெளிவருகிறது. உப்பு கரைவதுபோல் நார் நீரில் கரையாது; மிதந்து நிற்கும்.

நார் குறைவாக இருந்தால் கரைசல் தண்ணீர்போல் ஓடும். மிகுந்தால் நார்கள் ஒன்றோடொன்று பின்னி வலைபோல் ஆகிவிடும். அப்போது ஓரளவு அழுத்தம் கிடைத்தால்தான் கரைசல் நகரும். நன்கு கலக்கினால் பின்னல் விலகி இளகும். அசையாது விட்டால் மீண்டும் இறுகும்.

காகிதத் தொழிலிலும் இதே நிலைதான். 1979-ல் நிறுவப்பட்டு 1984-ல் உற்பத்தி தொடங்கிய புகளூர் காகித ஆலை, கரும்புச் சக்கையைக் கூழாக்கிக் காகிதம் செய்கிறது. காகிதக் கூழைச் சோதிக்கும் கனடா நாட்டு முறையில், 3 கிராம் உலர்ந்த நாரை 1 லிட்டர் நீரில் கலந்து, சல்லடைத் தகட்டின் வழியே நீர் எவ்வாறு வடிகிறது என்று அளக்கிறார்கள். நாமும் நம் கரைசலை எளிய முறையில் அளக்கலாம்.

உலர் எடை காணுதல்

கலனில் இடும் கரைசலில் 8 முதல் 10 சதம் திடப்பொருள் இருப்பது நல்லது. 100 கிராம் சாணத்தைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவிடுங்கள். பிறகு இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் கருகாமல் உலர்த்துங்கள். எடை மேலும் குறையாத நிலையில் நிறுத்துங்கள்.

கிடைத்த எடையைப் பத்தால் வகுத்து ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு சாணத்திற்கு எத்தனை பங்கு நீர் வேண்டும் என்பது தெரியும். உலர் எடை 20 கிராம் என்றால் 1 பங்கு நீர் போதும். வெயிலில் காய்ந்த சாணம் 30 கிராம் நின்றால் 2 பங்கு நீர் வேண்டும். எல்லாச் சாணத்திற்கும் சமபங்கு நீர் விடுவது ஏன் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

ஓடும் நேரம் காணுதல்

1. ஒரு லிட்டர் தகரக் குவளையின் அடியில் சுண்டுவிரல் பருமனுள்ள துளை இடுங்கள்.

2. மேற்கண்டவாறு நீர் சேர்த்த கரைசலிலிருந்து வைக்கோல் துண்டு, மண், கல் ஆகியவற்றை நீக்குங்கள்.

3. நன்கு கலக்கியவுடன் துளையை விரலால் அடைத்துக் குவளையை நிரப்புங்கள். விரலை எடுத்து, அரை லிட்டர் வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவே உங்கள் அளவுகோல். தினமும் அதே குவளையில், கலக்கியவுடன் அளக்க வேண்டும். தாமதித்தால் நார் பின்னிக்கொண்டு கணக்குத் தவறும். நேரம் கூடினால் சிறிது நீர் சேருங்கள்; குறைந்தால் சாணம் சேருங்கள். தீவனம் மாறும் காலத்தில் உலர் எடையை மறுபடி பாருங்கள்.

பதம் தவறினால்

கரைசல் கெட்டியானால் குழாய் அடைக்கும். வாயுக் குமிழிகளும் எளிதில் மேலே வரமாட்டா. நீர்த்துப்போனால் திடப்பொருள் அடியில் படிந்து கலனின் இடத்தை அடைத்துக்கொள்ளும். மிதக்கும் இரும்பு மூடி வகைக்கும், நிலையான கூரையுள்ள தீனபந்து வகைக்கும் இது பொருந்தும்.

எச்சரிக்கை: அடைப்பை நீக்க எவரும் கலனுக்குள் இறங்கக்கூடாது. உள்ளே நச்சு வாயு இருக்கும். மூச்சுக் காற்று இராது. இறங்கியவரும் அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து உயிரிழக்க நேரிடும். வெளியில் நின்று நீண்ட கழியால் குத்தி அடைப்பை நீக்குங்கள். முடியாவிட்டால் பயிற்சி பெற்றவரை அழையுங்கள்.

ஒரு தகரக் குவளையும் சில நிமிட நேரமும் இருந்தால், அந்த ஆபத்தான நிலை பெரும்பாலும் வராமல் தடுக்கலாம். இன்றே அளந்து பார்த்துப் பயனடையுங்கள்.