மின்னொளிக் கபடிக்கு ஒரு கணக்குப்பிள்ளை: ஆட்டம் நடக்கும்போதே பதிவு செய்யும் ஆப் வடிவமைப்பது எப்படி?

கோயில் கொடைக் காலத்தில் புளியங்குடிச் சுவர்களைப் பார்த்தால் தெரியும். பாதிச் சுவரில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ போஸ்டர்தான் இருக்கும். முதல் பரிசு யார் உபயம், கோப்பை யார் உபயம், விழாவுக்கு யார் தலைமை என்று எல்லா விவரமும் அதில் உண்டு. போட்டி முடிந்த மறுநாள் டீக்கடையில் போய், “நம்ம பய மொத்தம் எத்தனை ரைடு போனான்? அதுல எத்தனை தடவை சும்மா திரும்புனான்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். கரும்பலகையில் எழுதியிருந்த ஸ்கோர் ஒன்றுதான் யாரும் மறுக்க முடியாத கணக்கு.

அந்த மீதிக் கணக்கை எழுதிவைக்க ஒரு மொபைல் ஆப் செய்யலாம். உடற்கல்வி ஆசிரியர், கல்லூரியில் கணினி படிக்கும் பையன், மாலையில் பயிற்சிக்கு வரும் அணியின் மூத்த ஆட்டக்காரர் ஆகிய மூவரும் சேர்ந்தால் போதும். சென்னைக்குப் போனால்தான் மென்பொருள் எழுத முடியும் என்ற பேச்சுக்குத் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ வந்தபோதே முடிவு கட்டியாகிவிட்டது. கிரிக்கெட்டில் அகமதாபாத்காரர்களின் கிரிக்ஹீரோஸ் ஆப்பை வைத்துக்கொண்டு ஊர்ப் பையன்கள் பந்துக்குப் பந்து ஸ்கோர் போடுவதையும் பார்க்கிறோம். ஆனால் கிரிக்கெட்டில் இரண்டு பந்துக்கு நடுவே மூச்சு விட நேரம் இருக்கிறது. கபடியில் ஒரு ரைடுக்கு அதிகபட்சம் 30 விநாடி. அது முடிந்த கையோடு அடுத்த அணியின் ரைடர் கோட்டைத் தாண்டிவிடுவார்.

கையில் கட்டும் பட்டை, நெஞ்சில் மாட்டும் சென்சார் என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நகத்தைக்கூட ஒட்ட வெட்டிவிட்டு வரச் சொல்கிற ஆட்டம் இது. உடம்பில் எண்ணெய் கூடாது, மோதிரம், செயின் போன்ற அணிகலன் எதுவும் கூடாது. ஆகவே ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கண்ணால் பார்த்து விரலால் தட்டுவதுதான் வழி. அவர் கண் ஆட்டத்திலேயே இருக்க வேண்டும், ரைடுக்கும் ரைடுக்கும் நடுவே உள்ள ஓரிரு விநாடி மட்டும் திரைக்குப் போகலாம். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு நிபந்தனையில் உரசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: பயிற்சியாளரிடம் கேள்வி வாங்குவது

கணினியைத் திறக்காதீர்கள். பயிற்சியாளரிடம் போய், “இடைவேளையில உங்களுக்கு எந்த மூணு விஷயம் தெரிஞ்சா ஆட்டத்தை மாத்துவீங்க?” என்று கேளுங்கள். இடைவேளை 5 நிமிடம்தான். டைம் அவுட் என்றால் அரை நிமிடம். அதற்குள் படித்து, புரிந்து, பையன்களுக்குச் சொல்லவும் வேண்டும். அதனால் மூன்றுக்கு மேல் கேள்வி வாங்காதீர்கள்.

பெரும்பாலும் வரக்கூடிய கேள்விகள் இவை: எந்த ரைடர் போன ரைடுகளில் எத்தனைக்குப் புள்ளி வந்தது? எதிரணி எந்தப் பக்கம் நம்மைத் தொட்டுவிட்டுப் போகிறது, இடது கார்னரா, வலது கார்னரா, கவரா? நம் பிடியில் எது நிற்கிறது, எது நழுவுகிறது? ‘இதயத் துடிப்பு எவ்வளவு, எத்தனை மீட்டர் ஓடினான்’ என்பதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். அதை வைத்து அடுத்த பாதியில் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் ஆப்பில் அதற்கு இடம் தராதீர்கள்.

இரண்டாவது: ஒரு வாரம் காகிதத்தில்

நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொரு ரைடையும் ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒவ்வொரு ரைடும் முழு 30 விநாடி எடுத்தாலே 80 ரைடு வந்துவிடும். 80 வரி எழுதும்போது எந்தக் கட்டம் காலியாகவே கிடக்கிறது, எதை எழுதும்போது அடுத்த ரைடைத் தவறவிடுகிறீர்கள் என்பது தானாகத் தெரியும். காலியாகக் கிடந்த கட்டத்தை ஆப்பிலும் வைக்காதீர்கள்.

கால்பந்தில் இப்படிக் கையால் குறிப்பதற்கு முன்னோடி சார்லஸ் ரீப் என்ற ஆங்கிலேயர். 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் கால்பந்து அணியின் ஆட்டத்தில் பென்சிலை எடுத்தவர், பிறகு பல்லாண்டுகள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கையாலேயே குறித்தார். உழைப்பு அசாத்தியமானது, ஆனால் முடிவு கோணலானது. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுந்தன, எனவே பந்தை நீளமாக உதைத்தால் போதும் என்றார். மூன்று பாஸுக்குள் முடிந்தும் கோலாகாத முயற்சிகள் அதைவிடப் பல மடங்கு என்பதை அவர் வகுத்துப் பார்க்கவில்லை. கபடியிலும் இதே குழி இருக்கிறது. பத்துப் புள்ளி எடுத்தவனைத் தோளில் தூக்குவோம். அவன் எத்தனை ரைடில் எடுத்தான், எத்தனை தடவை பிடிபட்டான் என்று கேட்க மாட்டோம். சும்மா திரும்பிய ரைடையும் கட்டாயம் பதியுங்கள்.

மூன்றாவது: திரை

மொத்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், இரண்டு கட்டைவிரலும் வேலை செய்யும். இடது பக்கம் ஆட்டக்காரர்கள், வலது பக்கம் என்ன நடந்தது என்பது. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல்படி ஒரு பட்டனின் குறைந்தபட்ச அளவு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். அது நிதானமாக உட்கார்ந்து திரையைப் பார்ப்பவருக்கு. நம் ஆள் பார்க்காமலேயே தட்டப் போகிறவர், அதனால் இரண்டு மடங்கு வையுங்கள். சாதாரணப் போனிலேயே நான்கு வீதம் இரண்டு வரிசை பிடிக்கும். ஏழு பேருக்கு ஏழு கட்டம், எட்டாவது கட்டம் மாற்று ஆட்டக்காரருக்கு.

பட்டனில் பனியன் நம்பரோடு கூப்பிடும் பெயரையும் போடுங்கள். ஊர் அணியில் மாற்று ஆள் இறங்கும்போது பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவது சகஜம், நம்பரை மட்டும் நம்பினால் இரண்டு பேர் கணக்கு ஒருவர் பெயரில் ஏறிவிடும். எதிரணிக்கு நம்பர் மட்டும் போதும்.

வலது பக்கம் நான்கே பட்டன்: ‘டச்’, ‘போனஸ்’, ‘பிடிபட்டார்’, ‘சும்மா’. இரண்டு பேரைத் தொட்டால் டச்சை இரண்டு முறை தட்டினால் போதும். போனஸும் டச்சும் ஒரே ரைடில் வரலாம், எனவே ஒன்றைத் தட்டியதும் மற்றது மறைந்துவிடக் கூடாது. ‘சேமி’ என்று ஒரு பட்டன் வேண்டவே வேண்டாம். அடுத்த ரைடரின் பெயரைத் தட்டினால் முந்தைய ரைடு தானாகச் சேமிப்பாகட்டும். ஆக, ரைடர், முடிவு, நடந்த இடம் என்று சாதாரண ரைடுக்கு மூன்று தட்டு. ஒவ்வொரு ரைடும் நான்காவது தட்டுக்குப் போனால் பதிபவர் பின்தங்கிவிடுவார்.

இடத்தைக் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தடுப்பவருக்கு இடது கார்னர் என்பது எதிரே நிற்கும் ரைடருக்கு வலப்பக்கம். பதிபவரோ நடுக்கோட்டு ஓரத்தில் குறுக்காக உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு அது தொலைவிலோ பக்கத்திலோ தெரியும். அதனால் ‘இடது’, ‘வலது’ என்று எழுதாமல் 13க்கு 10 மீட்டர் ஆடுகளத்தின் சின்னப் படத்தையே திரையில் வரைந்து, நடந்த இடத்தில் தொடச் சொல்லுங்கள். பெயரை ஆப் கண்டுபிடித்துக்கொள்ளட்டும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். படமும் அப்போது மாற வேண்டும், மாறியதைப் பெரிய எழுத்தில் காட்டவும் வேண்டும்.

இரவு ஆட்டத்துக்குக் கறுப்புப் பின்னணி வையுங்கள். மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் வெள்ளைத் திரையைத் திறந்து வைத்தால் ஈசல் வந்து அப்பும், அதைத் தட்டிவிடும்போது தப்பான பட்டன் அமுங்கும். பகல் வெயிலில் நேர்மாறாக வெள்ளைப் பின்னணிதான் எடுபடும், எனவே இரண்டும் வேண்டும். வியர்த்த விரலைத் தொடுதிரை சரியாக வாங்காது. பதிபவர் மடியில் ஒரு துண்டு இருக்கட்டும். மைக்கும் விசிலும் சேர்ந்து காதைப் பிளக்கும் இடத்தில் ‘டிங்’ என்ற ஒலிக்கு வேலையில்லை. பதிவானதற்குப் போன் ஒருமுறை அதிர்ந்தால் போதும்.

நான்காவது: விதியை ஆப் அறிந்திருக்கட்டும், ஆனால் நடுவராக வேண்டாம்

களத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை ஆப்பே எண்ணிக்கொண்டு வரலாம். டச், பிடி எனப் புள்ளி வரும்போது வெளியே போன நம் ஆள் உள்ளே வருவார். போனஸுக்கு ஆள் வராது. தடுப்பவர்கள் ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கிடையாது, மூன்று பேரோ அதற்குக் கீழோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், மொத்த அணியும் வெளியேறினால் லோனாவுக்குக் கூடுதலாக 2 புள்ளி. இவற்றை நிரலில் எழுதிவிட்டால் பதிபவருக்குப் பாதிச் சுமை குறையும்.

ஆனால் ஒரு ரைடைத் தவறவிட்டால் ஆப்பின் எண்ணிக்கையும் களத்தின் எண்ணிக்கையும் பிரிந்துவிடும். அப்போது ‘ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், போனஸ் செல்லாது’ என்று ஆப் பட்டனை அடைத்தால் பதிபவர் போனைத் தூக்கி எறிவார், அதில் தப்பும் இல்லை. எதையும் அடைக்காதீர்கள். முரண்பட்டால் ஓரத்தில் மஞ்சள் புள்ளி காட்டினால் போதும். எண்ணிக்கையை அழுத்திப் பிடித்தால் திருத்த முடியட்டும். தொடர்ந்து இரண்டு ரைடு சும்மா போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’ என்ற விதி புரோ கபடியால் ஊரெல்லாம் பரவியது, சில போட்டிகளில் வைக்கிறார்கள், சிலவற்றில் இல்லை. பாதியின் நேரமும் அப்படித்தான், இருபது அணி வந்துவிட்டால் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு அமைக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

தகராறும் வரும். நடுவர்கள் கூடிப் பேசி முடிவை மாற்றுவார்கள். பழைய பதிவை அழிக்காமல் அதன்மேல் திருத்தப் பதிவு ஏறும்படி செய்யுங்கள். கடைசித் தட்டை ரத்து செய்ய வால்யூம் பட்டனை ஒதுக்கினால் திரையைப் பார்க்காமலே திருத்தலாம்.

ஐந்தாவது: சேமிப்பு

திடலில் ஆயிரம் பேர் கூடி எல்லாரும் வீடியோ அனுப்பும் நேரத்தில் சிக்னலை நம்ப முடியாது. எல்லாப் பதிவும் முதலில் போனுக்குள்ளேயே எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் விழ வேண்டும், வீட்டுக்குப் போய் நெட் கிடைத்தபின் மேலே ஏறினால் போதும். ஒரு ரைடுக்கு ஒரு வரி: நேரம், அணி, ரைடர், தொட்டவை, போனஸ், பிடிபட்டாரா, இடம். ஸ்கோரைத் தனியாகச் சேமிக்காதீர்கள். வரிகளைக் கூட்டினால் அது வரும், அப்போதுதான் ஒரு திருத்தம் செய்தால் எல்லாம் சேர்ந்து திருந்தும். தட்டிய நேரம் விநாடிவரை பதிவானால் இன்னொரு லாபம் உண்டு. முக்காலியில் வைத்த இன்னொரு போனில் வீடியோ ஓடட்டும். முதல் விசிலின் நேரத்தை இரண்டிலும் பொருத்திவிட்டால், மறுநாள் ஒரு ரைடின் வரியைத் தொட்டதும் அந்தக் காட்சி திறக்கும். ஆட்டக்காரர்களுக்கு எண்ணைவிட இதுதான் பிடிக்கும்.

எதில் எழுதுவது? ஃப்ளட்டர் என்ற ஆப் உருவாக்கும் கருவி போதும். நிரல் எழுதாமலே படிவம் செய்துகொள்ளும் கருவிகள் அணிப் பட்டியல், வருகைப் பதிவு ஆகியவற்றுக்குச் சரி. ஆட்டத்தின் நடுவே தட்டும் வேகத்துக்கு அவை ஒத்துவராது.

ஆறாவது: இடைவேளைத் திரை

மூன்று வரி, பெரிய எழுத்து, தமிழில். உதாரணத்துக்கு: ‘7ஆம் நம்பர்: 11 ரைடு, 3இல் புள்ளி, 4 முறை பிடிபட்டார்.’ ‘எதிரணி எடுத்த 9 டச்சில் 6 நம் வலது கார்னரில்.’ ‘நம் பிடி முயற்சி 10, நின்றது 4.’ வண்ண வண்ண வரைபடம் வேண்டாம். சதவீதமும் வேண்டாம், நான்கு ரைடில் இரண்டு வெற்றியை 50 சதவீதம் என்று எழுதினால் பெரிய உண்மை மாதிரித் தெரியும். முழு விவரம் பிறகு வாட்ஸ்அப்பில் போகட்டும்.

சோதனை

ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் இரண்டு போனில் தனித்தனியாகப் பதியட்டும், பிறகு வீடியோவோடு ஒப்பிடுங்கள். ரைடரும் முடிவும் இருவரிடமும் ஒத்துப்போக வேண்டும். நடந்த இடத்தில் மட்டும் அடிக்கடி முரண்பட்டால் தப்பு அவர்கள்மேல் இல்லை, நீங்கள் கேட்ட கேள்வி நுணுக்கமாகிவிட்டது. ஆடுகளப் படத்தை ஐந்து இடமாகப் பிரித்திருந்தால் மூன்றாகக் குறையுங்கள். பயிற்சி ஆட்டத்தில் இது தேறிய பிறகுதான் மின்னொளிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பள்ளிப் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஆடும் அணி என்றால் பெற்றோரிடம் முன்னதாகவே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. எடை, காயம் பற்றிய குறிப்புகள் பயிற்சியாளரின் போனைத் தாண்டக் கூடாது.

செய்து முடித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆப்பை உங்கள் அணிக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். வாசுதேவநல்லூர், கடையநல்லூர், சங்கரன்கோவில் அணிகளுக்கும் இலவசமாகக் கொடுங்கள். எல்லா அணியும் ஒரே முறையில் பதிந்தால், மாவட்டத் தேர்வுக்குப் போகும் பையன் சான்றிதழோடு தன் ஒரு வருட ரைடுக் கணக்கையும் தேர்வாளர் முன்னால் வைக்கலாம்.