செல்ஃப் எடுக்காத காலை: மழைக்கு முன் பார்க்க வேண்டியவை

ஐப்பசி மழை பிடித்ததும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடைகளில் ஒரு புகார் வழக்கமாக வரும்: "காலையில் செல்ஃப் எடுக்கவே இல்லை, இப்போது பார்த்தால் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது." கடை வாசலில் ஒழுங்காக ஓடும் காரில் கோளாறைத் தேடிப் பிடிப்பது கடினம். அதனால் பலரும் முதலில் பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். அடுத்த அடைமழையில் வண்டி மறுபடியும் நின்றுவிடுகிறது. பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

வண்டி மக்கர் பண்ணும் அந்த நிமிடத்தில் என்ன சத்தம் வந்தது என்பதுதான் முக்கியமான தடயம். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று வேகமாகக் கேட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' மட்டும் என்றால் செல்ஃப் மோட்டாரையும் அதன் சொலினாய்டையும் சந்தேகப்படலாம். சத்தமே இல்லையென்றால் ரிலே, சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? அப்படியானால் பேட்டரியை விட்டுவிட்டு எரிபொருள் பம்ப், சென்சார், இம்மொபிலைசர் பக்கம் போங்கள். சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து கொண்டுபோனால் மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எர்த் ஒயரைப் பற்றி. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் அந்தத் தடித்த ஒயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பில் துருவால் 0.01 ஓம் தடை சேர்ந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். ஈரமும் துருவும் சேர்ந்தால் ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது. சோதிப்பது எளிது. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை கவலையில்லை. 0.5-ஐத் தாண்டினால் அந்த ஒயரைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கலந்த தண்ணீரால் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

பேட்டரியைக் கெடுப்பது பெரும்பாலும் சித்திரை வெயில்தான். வைப்பர், விளக்கு, ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும் மழைக்காலத்தில்தான் அதன் பலவீனம் தெரியவரும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். இன்ஜின் ஓடும்போது பல கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். ஏறவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள், புதுப் பேட்டரி போட்டாலும் அது தாங்காது.

ரிலே மீது சந்தேகம் என்றால், ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயை மாற்றி மாட்டிப் பாருங்கள். பைக்காரர்கள் சைடு ஸ்டாண்டு சுவிட்சிலும் கிளட்ச் சுவிட்சிலும் சேறு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.

தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மேலே சொன்ன எதையும் முயலாதீர்கள். சாவியைத் திருப்பவே கூடாது, தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். காற்று வடிகட்டி வழியே உள்ளே போன நீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். நீர் புகுந்தபின் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைக்காமல் போகலாம்.