வினாடி வினாவும் கணக்குப் பாடமும்

மாலை வேளைகளில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். "சூத்திரம் தெரிகிறது, அதை எங்கே போடுவதென்றுதான் தெரியவில்லை" என்பது அவர்கள் நாள்தோறும் கேட்கும் முறையீடு.

குறை பிள்ளைகளிடம் மட்டுமில்லை. தந்தையின் வயது மகனுடையதைப் போல் நான்கு மடங்கு என்று தொடங்கும் கணக்கைப் பாருங்கள். எந்த வீட்டில் தந்தையின் வயதை இப்படிக் கேட்டறிகிறார்கள்? விடை தெரிந்தாகவேண்டிய தேவை முதலில் எழவேண்டும். துணிக்கடையில் நூற்றுக்கு 20 தள்ளுபடி, அதன்மேல் மேலும் 20 என்று பலகை தொங்குகிறது. 1,000 ரூபாய்ச் சேலை 600-க்குக் கிடைக்கும் என்பான் பிள்ளை. கடைக்காரர் 640 கேட்பார். அந்த 40 ரூபாய் எங்கே போயிற்று என்று அவனே கேட்டுவிட்டால் பாடம் பாதி முடிந்தது. முன்னோரும் இவ்வழி அறிந்தவரே. பாஸ்கராசாரியார் 1150-இல் இயற்றிய லீலாவதியில் தேனீயும் மயிலும் கணக்காகின்றன. காரிநாயனாரின் கணக்கதிகாரமோ பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ண வழி சொல்கிறது. (அது பொருந்துகிறதா என்று வெட்டிப் பார்ப்பது இன்னும் நல்ல பாடம்!)

இனி, இன்று கைப்பேசியில் ஆடும் வினாடி வினா. முந்தியவனுக்கே புள்ளி என்றால் சிந்திப்பவன் தோற்பான், ஊகிப்பவன் வெல்வான். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 விடைகள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக 5 சரியாகும். ஆகவே ஆட்டத்தின் விதியையே பாடமாக்கலாம் என்பது என் கருத்து. ஊகத்துக்கு ஒன்றும் மிஞ்சாதிருக்கத் தவறுக்கு எவ்வளவு கழிக்கவேண்டும்? பிள்ளைகளே காணட்டும். 5 சரி, 15 தவறு. தவறு ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் சுழியாகும்.

பிறகு அவர்கள் அஞ்சும் தேர்வுக்கே வாருங்கள். ஜே.இ.இ. முதன்மைத் தேர்வில் சரிக்கு 4. தவறுக்கு 1 கழிவு. நான்கு விடை தரும் வினாவில் கண்மூடித் தொட்டாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் மிஞ்சுகிறது. ஒரு விடை தவறென்று உறுதியாகத் தெரிந்தாலோ மூன்றில் இரண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் இங்கே நிமிர்ந்து உட்காருவான்.

ஆனால் சராசரி வேறு, ஒருவன் ஒருநாள் எழுதும் தேர்வு வேறு. நான்கு சீட்டுகளில் ஒன்றில் மட்டும் குறியிட்டு, குலுக்கி எடுத்து மீண்டும் போட்டு, ஒவ்வொருவரையும் 20 முறை எடுக்கச் சொல்லுங்கள். ஒருவனுக்குக் குறிச்சீட்டு 2 முறை வரும், மற்றொருவனுக்கு 8 முறை வரும். எல்லோருடைய எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதுங்கள். கூட்டி வகுக்கும் வேலையை 2 பெற்றவனிடம் கொடுங்கள்.